நம் வயலில் யார் நாற்று, அம்மா?

என் உயிர் அம்மாவுக்கு,

இதை நீ யாரிடமும் காட்டமாட்டாய். அது எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தாள் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். படித்துவிட்டாலும் படிக்காதவர் மாதிரி அடுப்பில் போட்டுவிடுங்கள். மிராசுதார் ஏஜண்டு வீட்டுப் பக்கம் இது போகவே கூடாது. எங்கள் அப்பாவிடமும் கொடுக்க வேண்டாம்.

அப்பாவிடமும் என்று எழுதிவிட்டேன் அம்மா. எழுதிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிகிறது. நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து, சிமினி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் ஜன்னல் வழியே போகாமல் முறத்தைச் சாத்தி வைத்திருக்கிறேன். குதிர் காலியாக இருக்கிறது. தட்டினால் சத்தம் கேட்கும் என்று அதில் சாயக்கூடப் பயமாக இருக்கிறது.

உனக்கு எதிலிருந்து சொல்வது? ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே நீ கண்ணை மூடிவிட்டாய். நீ பானையில் மூடி வைத்திருந்த விதைநெல்லைத்தான் நாற்றங்காலில் விட்டோம். நன்றாக வந்தது. புரட்டாசிக் கடைசியில் நட்டும் முடித்தோம். பயிர் பச்சை பிடித்ததைப் பார்த்து அப்பா நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கப்புறம் ஐப்பசி மழை. வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு, வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் போயிற்று. தண்ணீர் வடிந்தபோது நம் வயலில் ஒரு பயிர் நிற்கவில்லை. அழுகின வைக்கோல் மாதிரி ஒரு வாடை மட்டும் இருந்தது.

இந்த நேரம் பார்த்து நம் மனு அசைந்திருக்கிறது. நம் வயலை நாம்தான் சாகுபடி செய்கிறோம், குத்தகைக்காரர் என்று பெயரைப் பதியுங்கள் என்று நீ அப்பாவை விரட்டி விரட்டித் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினாயே, அந்த மனு. நாளை மறுநாள் தாசில்தார் வயலை நேரில் பார்க்க வருகிறார். வயல் வெறுமனே கிடந்தால் மிராசுதார் என்ன சொல்வார்? ‘இவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், நிலம் என்னுடையது’ என்பார். அவர் கும்பகோணத்தில் இருக்கிறார். இந்த வயலின் சேறு அவர் காலில் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய ஏஜண்டு இங்கேயே இருக்கிறாரே.

அந்த ஏஜண்டு போன வாரம் நம் வாசலுக்கு வந்தார் அம்மா. நீ இருந்தவரை தெருமுனையில் நின்று ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார். இப்போது வாசல்வரை வந்தார்.

“என்னப்பா தங்கராசு, பொம்பள இல்லாத வூடு. நாத்துக்கு எங்க போயி நிப்ப? பண்ணை நாத்தங்கால் மேட்டுல இருந்ததுனால தப்பிச்சிடுச்சி. ஆள வுட்டுப் பறிச்சிக்க. காசு கீசு ஒண்ணும் வேணாம்” என்றார்.

அப்பா கை கூப்பினார். போன அறுவடைக்குக் களத்தில் நம் பதரைக்கூடத் தூற்றிப் பார்த்து அளந்துகொண்டு போனவர் இவர்தானே? இவருக்கு எதற்குத் திடீரென்று நம்மேல் இரக்கம்? இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது அவர் கட்சிக் கரை வேட்டி கட்டுகிறார். அப்பா கட்டுகிறாரே, அதே கரை. நம் ஆட்சி வந்துவிட்டது, இனிமேல் நம்மை எவன் கேட்பான் என்று அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தாரே, அன்றைக்கு இந்த ஏஜண்டு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். இப்போது கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறார். ஒரே வேட்டியைக் கட்டிக்கொண்டால் யார் நம்மவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கியம் அக்காவிடம் போய்க் கேட்டேன். உன்னோடு நடவுக்கு வந்த அதே பாக்கியம் அக்காதான். நான் சொல்லி முடிப்பதற்குள் கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டது.

“அடி பாவி மவளே, வாங்கிட்டானா ஒங்கப்பன்? எங்கண்ணன் ஊர்ல இப்புடித்தான்டி பண்ணானுவ. நாத்து நாங்க குடுத்தோம், இவன் கூலிக்கு நட்டான்னு ஆபீசர்கிட்ட நின்னு சொன்னானுவ. பாத்தவங்க நாலு பேரு ஆமாம்னு தலையாட்டுனாங்க. நாத்து அவங்களுதுன்னா பயிரு அவங்களுது. பயிரு அவங்களுதுன்னா நீ யாரு? கூலிக்காரி.”

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வாய் சிவக்க வீட்டுக்கு வந்தார். அப்பா வெற்றிலை போடமாட்டார் என்று உனக்குத் தெரியாதா? நான் கேட்டேன்.

“யாருப்பா வெத்தல குடுத்தா?”

“கடைத்தெருவுல யாரோ குடுத்தாங்க. நீ சோத்தப் போடு.”

“ஏஜண்டு வூட்டுலயா?”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம் ஊரில் ஒருவர் வீட்டுக்குள் போய் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். கல்யாணத்துக்கும் அதுதான், மாட்டு விலைக்கும் அதுதான். அப்பா மரியாதைக்கு வாங்கிக்கொண்டாரா, சம்மதித்து வாங்கிக்கொண்டாரா? வாங்கிய பிறகு இரண்டும் ஒன்றுதானே அம்மா?

“அம்மா இருந்தா இதுக்கு ஒத்துக்குமாப்பா?” என்றேன்.

“ஒங்கம்மா இருந்தா நா ஏன் அந்த வாசல்ல போயி நிக்கிறேன்?” என்றார். தட்டிலிருந்து நிமிராமலே, “யார் வூட்டு நாத்தா இருந்தா என்னா? தாசில்தாரு வர்றப்ப வயலு பச்சையா நின்னா சரி. எனக்கு முடியல மலரு” என்றார். சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. முடியல என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வெள்ளம் வந்ததே, அப்போதும் இதே மாதிரி எல்லாம் போய்விட்டது. நீ சிரித்துக்கொண்டே, “வேரு மட்டும் மண்ணப் புடிக்கட்டும்டி, தலை தானா நிமிந்துக்கும்” என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் நாற்று கேட்டு வந்தாய். ஊரே கேலி பண்ணியது. தங்கராசு பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்றார்கள். தை மாதம் நம் வயலில்தான் கதிர் ஆடியது. எல்லாரும் அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் சொல்கிறார்கள்.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன் அம்மா. நீ கிளம்புவதற்கு முன் மாட்டுக்கொட்டகையில் தூணைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாய். அப்புறம் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ நிஜமாகவே நம்பினாயா? இல்லை எங்களுக்காக நம்பின மாதிரி இருந்தாயா? இப்போதெல்லாம் எல்லார் மேலும் சந்தேகம் வருகிறது. உன் சிரிப்பின் மேலும் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

நேற்றுப் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. பாக்கியம் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் நானுமாகத் திருவிடைமருதூர்ப் பக்கம் போனோம். அங்கே மேட்டு வயல்களில் வெள்ளம் ஏறவில்லை என்று கேள்விப்பட்டோம். நட்டு முடித்து மிஞ்சின நாற்றை யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், அதை விலைக்கும் விற்கமாட்டார்கள் என்று நீ சொல்வாயே. அதை நம்பித்தான் போனோம். முதல் ஊரில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது ஊரில் மாட்டுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். போட்டிருக்கவில்லை, கொல்லையில் நின்றது, நானே பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. பாக்கியம் அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்து, “ஒங்காத்தா மூணு ஊரு தள்ளித்தான்டி வாங்குனா, நட” என்றது.

அடுத்த ஊரில் ஒரு அம்மா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு வூட்டுப் புள்ள நீ? பாவாடையில மைக்கறை இருக்கு. படிக்கிற புள்ள நாத்துக்கு வந்திருக்கியா? ஒங்கம்மா எங்க?”

நீ போய்விட்டதைப் பாக்கியம் அக்கா சொன்னது. அந்த அம்மா வாளியை வைத்துவிட்டு அவரே நாற்றங்காலுக்கு முன்னால் நடந்தார். “நாத்துக்கு வயசு கூடிப்போச்சி. நுனியக் கிள்ளிட்டு நடுங்க. போறப்ப மோர் குடிச்சிட்டுப் போங்க” என்றார். நாங்களே பறித்து, கைப்பிடிக் கட்டாக முடி முடியாகக் கட்டினோம்.

பஸ்ஸில் கண்டக்டர் ஏறவே விடவில்லை. “என்னம்மா, வயலயே தூக்கிட்டு வர்றீங்களா?”

“வயலு எங்க ஊர்ல அம்மணமா கெடக்குதுய்யா. அதுக்குச் சீலை எடுத்துட்டுப் போறோம், எடத்த வுடு” என்றது பாக்கியம் அக்கா. பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, கூரைமேல் ஏற்றச் சொன்னார். அந்தச் சிரிப்பில் உன் குரல் இருந்த மாதிரி இருந்தது அம்மா. நானும் சிரித்தேன். வெகு நாளைக்கு அப்புறம்.

ஊருக்குள் கொண்டுவந்தால் தெரிந்துவிடும் என்று, முன்னாடி நிறுத்தத்திலேயே இறங்கினோம். கப்பிரோடு ஓரமாகக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் மாமா வீட்டுக் கொல்லைக் குளத்தில் முடிகளை அமுக்கி, மேலே தென்னமட்டையைப் போட்டு மூடினோம். “ஒங்க அம்மா என் கடையில வாங்கினதுக்கு ஒரு நாளும் தவணை சொன்னதில்ல புள்ள. நான் எதையும் பாக்கல, எனக்கு எதுவும் தெரியாது” என்றார். ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கடைப் பெஞ்சில் ஏஜண்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் மாமா அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் வந்தவரோடு சிரிக்காமல் என்ன செய்வார்? தெரிகிறது. இருந்தாலும் அவரிடம் சொல்லியிருப்பாரோ என்று இருக்கிறது. நாற்று தண்ணீரில் ரொம்ப நாள் தாங்காது. நாளை விடியும்போது நட்டாகவேண்டும். பாக்கியம் அக்கா நடவுக்கு ஆள் சொல்லிவிட்டது. பண்ணை நாற்று வயலில் இறங்குவதற்கு முன்னால் நம் நாற்று இறங்கவேண்டும்.

இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே போய்ச் சொல்லிவிடுவாரோ? இப்படி நினைக்கிற மகளாக நான் எப்போது ஆனேன்?

சாப்பிடும்போது அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகத்துக்குள் இருந்த சேறு இன்னும் போகவில்லை.

“பள்ளிக்கூடத்துல சேத்துலயா எழுதுனீங்க?” என்றார்.

“தோட்டம் போட்டோம்ப்பா.”

“ஓகோ” என்றார். கையை உடனே விடவில்லை. அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போனார். இன்னும் வரவில்லை. எதற்குப் போனார்? உடைந்த வரப்பை நமக்காகக் கட்டவா, பண்ணை ஆட்களுக்கு வயலைச் சரிசெய்து கொடுக்கவா? இரண்டுக்கும் மண்வெட்டி ஒன்றுதான்.

நீ நம்பினாயா நடித்தாயா என்று கேட்டேனே, அதை இப்போது விட்டுவிடுகிறேன். நேற்று இரண்டாவது ஊரில் கொல்லை நாற்றைப் பார்த்துக்கொண்டே திரும்பினபோது எனக்கு நம்பிக்கை துளிகூட இல்லை. ஆனாலும் மூன்றாவது ஊருக்குக் கால் போயிற்று. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ? அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு போனாயே, அதுதான் உன் பலமோ? அப்படியென்றால் அது எனக்கும் வரும் அம்மா. பயத்தோடேயே வரும் போலிருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக்கு அப்பா தடுத்தாலும், ஏஜண்டு வரப்பில் வந்து நின்றாலும், முதல் முடியை நான்தான் பிரித்து நடுவேன். யார் நாற்று என்று தாசில்தார் கேட்டால், நாங்கள் கேட்டு வாங்கிய நாற்று என்று என் வாயால் சொல்வேன். பேசப் பயமாக இருந்தாலும் சொல்வேன். நட்ட பயிரைத் தையில் நாமே

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பாக்கியம் அக்கா கொல்லைப் பக்கமாகத்தான் வரும். இது வாசல் கதவு. யாரும் பேசவில்லை. மறுபடியும் தட்டு

நடுவேன் அம்மா.

உன் மகள் மல