ஒரே தொடக்க எண்

அன்புள்ள கெட்டிக்காரிக்கு,

இன்று சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எல்லாப் பக்கமும் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன்: நாளை மாலை ஆறிலிருந்து ஏழு வரை தொலைபேசியைத் தொடுவதில்லை. அக்கா சாட்சி.

உங்கள் ஆய்வு நிலையத்தில் இணையம் கருவிகளுக்கு மட்டும். மனிதர்களுக்கு ஒரே ஒரு தொலைபேசி, ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம்; உன்னுடையது ஞாயிறு மாலை ஆறிலிருந்து ஏழு. ஆறு அடித்ததும் நீயும் அழைப்பாய், நானும் அழைப்பேன், இருவருக்கும் பிஸி. இப்படி மோதிக்கொள்வோம் என்று தெரிந்துதான், நீ புறப்படும்போது ஆளுக்கொரு கணினி நிரல் எழுதி வைத்தேன். எத்தனை நிமிடம் காத்திருந்து மறுபடி அழைப்பது என்று அது குருட்டாம்போக்கில் ஓர் எண் சொல்லும். இருவருக்கும் வேறு வேறு எண் விழும், ஒருவர் முந்துவார். வலையமைப்புகளே இப்படித்தான் பிழைக்கின்றன என்று வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

நாம் பேசி ஐந்து ஞாயிறு ஆகிறது.

நேற்று உன் கடிதம் வந்தது. “நாலு நிமிஷம், ஒம்பது, ரெண்டு, பதிமூணுன்னு காத்திருந்து பாத்தேன். எப்பவும் பிஸி. அப்படி யாரோட பேசிட்டிருக்கீங்க?” என்று கேட்டிருந்தாய். எனக்கு விழுந்த எண்களைக் குறித்துவைத்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு, ஒன்பது, இரண்டு, பதின்மூன்று.

அந்த நிரலுக்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். தொடக்கம் ஒன்றானால், விழும் எண்களும் ஒன்றே. நான் இரண்டிலும் நம் திருமண நாளைக் கொடுத்திருந்தேன். அழகாக இருக்குமென்று தோன்றியது. இதே தவறுக்கு மாணவர்களிடம் ஐந்து மதிப்பெண் குறைப்பேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, ஐந்து வாரமாக ஒரே நொடியில் இருவரும் கையை நீட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நிரலைத் திறந்தால் உனக்கும் புரிந்துவிடும், இதற்குள் திறந்திருப்பாய்.

அக்காவிடம் சொன்னேன். “ஏண்டா, ஒருத்தர் சும்மா இருந்தா மத்தவங்க பேசிட்டுப் போறாங்க. இதுக்குப் படிச்சவங்க ரெண்டு பேர் வேணுமா?” என்றாள். மேற்படி முடிவு அவளுடையது.

உன் கடைசி வரிக்கு வருகிறேன். “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. பதினாறாம் தேதி திங்கக்கிழமை பதில் சொல்லணும். உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரலைன்னா, இருன்னு சொல்றதா எடுத்துக்கறேன்.” அது நாளை மறுநாள். இந்தக் கடிதம் உன்னிடம் வரப் பன்னிரண்டு நாளாகும்.

விடை முன்பே தெரிந்த கேள்விக்குச் சொல்லும் பதிலில் தகவல் சுழியம். இரண்டு விடைக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் அது முழுதாக ஒரு பிட் தகவல். என் பதிலில் தகவல் எதுவும் இருக்காது என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். காற்றில் காதை மூடிக்கொள். நாளை ஆறு மணிக்கு நீ அழை. எனக்குச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

உன் மறுமுனை

பி.கு.: ஞாயிறு, மாலை ஏழு மணி ஐந்து நிமிடம். நான் தொடவில்லை. மணி அடிக்கவில்லை. நீயும் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு, நான் அழைக்கட்டும் என்று காத்திருந்திருப்பாய். ஏழுக்கு மேல் அது உங்கள் சமையல்காரரின் நேரம்.