பாதாம் மாப்பிள்ளை

இன்று கடத்தூர் மளிகைக் கடையில் பாதாம் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் தராசும் கையுமாக என்னைப் பார்த்தார்.

"என்னங்கம்மா, நான் இன்னும் வெலையே சொல்லல. அதுக்குள்ள சிரிக்கிறீங்க?"

கணவன் போய் ஒரு வருடம்கூட ஆகாதவள் கடைவாசலில் நின்று சிரித்தால் அவர்தான் என்ன நினைப்பார்? எல்லாம் உங்களால் வந்தது.

பொம்மிடிக்கு நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த நாள். அப்பா இல்லாத வீடு. எது முடிவானாலும் பெரியப்பா வாயிலிருந்துதான் வர வேண்டும். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை என்பதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. "வேலை போக வேறென்ன பழக்கம்?" என்று கேட்டார். நீங்கள் பெருமையாக, "மாண்டலின் வாசிப்பேனுங்க" என்றீர்கள்.

பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பேருலயே மாண்டு போறது இருக்குதே! நல்லது பேசற எடத்துல இது என்ன பேச்சு?"

உங்கள் அம்மா உங்கள் தொடையைக் கிள்ளியதைக் கதவிடுக்கில் பார்த்தேன். "அது தமிழ் இல்லீங்க, இத்தாலி பாஷை" என்றீர்கள்.

"இத்தாலியில செத்தாலும் செத்ததுதான்" என்றார் பெரியப்பா.

தரகர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். உங்களை எனக்கு அதற்குள் பிடித்துப்போயிருந்தது. விறுவிறுவென்று வெளியே வந்து, "அப்ப அதுக்கு என்னதாங்க அர்த்தம்?" என்று நானே கேட்டேன். வீடே திரும்பிப் பார்த்தது.

நீங்கள் என்னைப் பார்த்தே பதில் சொன்னீர்கள். "அங்க மண்டோலான்னு ஒரு வாத்தியம் இருக்குதுங்க. அதுல குட்டி, மண்டோலினோ. நாம மாண்டலின்னு ஆக்கிட்டோம். பாதாமுக்கும் அந்த பாஷையில கிட்டத்தட்ட இதே பேருதானுங்க. கீழ உருண்டு மேல கூம்பி இருக்கறதால, பாதாம்லருந்து வந்த பேருன்னு சொல்றாங்க."

"பாதாமா!" பெரியப்பா டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி?"

சம்பந்தம் முடிவானது. ஆனால் அந்தப் பேர் தன் வாயில் வரக்கூடாதென்று அவர் ஊரெல்லாம் "மாப்பிள்ளை பாதாம் வாசிப்பாரு" என்றே சொல்லி வைத்தார். பாதிப் பேர் உங்களைப் பாதாம் வியாபாரி என்றே நினைத்துவிட்டார்கள். மணமேடையில் என் அத்தை ஒருத்தி உங்கள் காதருகே குனிந்து, "சொந்தக்காரங்களுக்குக் கொறச்சுக் குடுப்பீங்கல்ல?" என்று கேட்க, நீங்கள் தாலியும் கையுமாகத் தலையாட்டினீர்கள்.

பல வருடம் கழித்து நம் மகள் எதையோ படித்துவிட்டு வந்தாள்.

"அப்பா, பாதாம் கதை பின்னாடி கட்டுனதாம். கிரேக்கத்துல பண்டூரான்னு ஒரு பழைய வாத்தியம் இருந்துச்சாம். அந்தப் பேருதான் மாறி மாறி மண்டோலா ஆயிருக்கும்கறாங்க."

நீங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். "மெதுவா பேசு. உன் பெரிய தாத்தா காதுல விழுந்தா கல்யாணத்த ரத்து பண்ணிடுவாரு."

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, கூடவே அனுப்பிவிடலாம் என்று யாரோ மாண்டலினைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். தொண்ணூறை நெருங்கிய பெரியப்பா தடியை ஊன்றி எழுந்தார்.

"இது எழவு வூட்டுச் சாமான் இல்ல. எடுத்து உள்ள வைங்க." பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "மாண்டலின் உங்கிட்டயே இருக்கட்டும்மா."

பெண் பார்த்த நாளிலிருந்து அதுவரை அந்தப் பேரை அவர் முழுசாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாது. கடைசி வருடங்களில் உங்கள் காது மந்தமானபோது, சுருதி சேர்க்க மட்டும் சொல்லிக்கொடுத்தீர்கள். கம்பிகள் இரண்டிரண்டாக நிற்கின்றன. ஜோடியில் ஒன்று இறங்கியிருந்தாலும் எனக்குக் கேட்டுவிடுகிறது. சாயங்காலங்களில் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே குரலாகும்வரை திருகுகிறேன்.