இரண்டு ஹாரன்

மார்ச் 4
காட்டுத் தொட்டியை நிரப்பினோம். டிரைவர் அண்ணன் வழக்கம்போல இரண்டு ஹாரன் அடித்தார். கையை எடுப்பதற்குள் மான்கள் வந்துவிட்டன; முன்னால் காதறுந்தவள். “நீ கூப்பிட்டா உன் புருஷன்கூட இவ்வளவு வேகமா வரமாட்டார்மா” என்றார். உண்மைதான். ஓடை வற்றியபின் இந்தத் தண்ணீர் லாரிதான் அவற்றுக்கு ஓடை. ஹாரனுக்கு வரப் பழக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எதிரே துப்பாக்கியோடு சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மார்ச் 9
சண்டை மெயின் ரோடுவரை வந்துவிட்டது. அக்கா போனில் அழுகிறாள். “வனக்காவலர் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்பி வாடி.”

மார்ச் 11
லாரியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று வேடிக்கை பார்த்த அதே ஆட்கள். எந்தப் பக்கத்துக்காரர்களோ, யாருக்குத் தெரியும்.

மார்ச் 12
காட்டுக்குள் இரண்டு ஹாரன். அப்புறம் துப்பாக்கிச் சத்தம். தண்ணின்னு நெனச்சு ஓடியிருக்குமே — நாமதானே பழக்கினோம்.

மார்ச் 13
தொட்டியருகே ரத்தமும் தோலும். தோல்களில் காதறுந்தவள் இல்லை. அதற்குச் சந்தோஷப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது. மேலதிகாரியைக் கூப்பிட்டேன். “மனுஷனுக்கே இங்க பாதுகாப்பு இல்ல. மானுக்கு நான் எங்கம்மா போவேன்?” அவரைக் குறை சொல்லி என்ன? யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 14
“பழக்கினது நாம. அந்தப் பழக்கத்தக் கெடுக்கறதும் நாமதான்” என்றார் அண்ணன். பழைய ஜீப்பில் போய் இரண்டு ஹாரன் அடித்தோம். நாக்கு வறண்டு ஓடிவந்தன. தகரத்தைத் தட்டினோம், பட்டாசைக் கொளுத்திப் போட்டோம். எல்லாம் சிதறி ஓடின. காதறுந்தவள் மட்டும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்லை எடுத்து எறிந்தேன். விலாவில் பட்டது. போடி, போய்த் தொலை.

மார்ச் 16
மறுபடியும். இன்று நாலைந்துதான் வந்தன.

மார்ச் 19
லாரி ஹாரன் கேட்டது. டம்ளரை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி ஹாரன். சுடும் சத்தம் வரவேயில்லை. “ஜெயிச்சுட்டோம்மா” என்றார் அண்ணன். குரலில் உயிரில்லை.

மார்ச் 20
கேன்களில் தண்ணீர் சுமந்துபோய்த் தொட்டியில் ஊற்றினோம். ஹாரன் இல்லை, பேச்சுகூட இல்லை. ராத்திரி வந்து குடிக்கட்டும்.

மார்ச் 23
தண்ணீர் ஊற்றின மட்டத்திலேயே நிற்கிறது. சுற்றிலும் ஈர மண்ணில் எங்கள் செருப்புத் தடம் மட்டும்.