ரிமோட் அமுக்கிப் பழகிய கை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிளாராவின் தோத்திரம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கொச்சிச் சோறுதான் குண்டு குண்டாக இருக்கிறது, மென்று முடிப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடுகிறது.

போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவாய் அம்மா, அதனால் எழுதுகிறேன். ஸ்டூடியோவுக்குப் புதிதாக ஒரு மிடி கன்ட்ரோலர் வந்தது. ரப்பர் கட்டைகள் வைத்த பலகை அது. கட்டையைத் தட்டினால் கம்ப்யூட்டரிலிருந்து தவிலோ தபலாவோ கேட்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சத்தம் என்பதை நான்தான் என் விரலால் தட்டிப் பார்த்து செட் செய்தேன்.

மறுநாள் இசையமைப்பாளர் தாமஸ் சார் பூவைத் தொடுகிற மாதிரி தட்டினார். சத்தமே இல்லை. ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டினோம். கடைசியில் நான் ஒரு தட்டு தட்டினேன், இடி விழுந்தது! "இது யார் கைக்கு செட் பண்ணினது, பயில்வானுக்கா?" என்று சார் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நல்லா அமுக்கு தாயி, அப்பத்தான் சேனல் மாறும்" என்று நம் வீட்டு ரிமோட்டில் அப்பா பழக்கிய கை அல்லவா? வேலைக்கு ஆபத்தில்லை, உடனே மாற்றிவிட்டேன். இப்போது மெதுவாகத் தொடப் பழகுகிறேன்.

பருப்புப்பொடி அனுப்பு. அண்ணன் பேகம்பூர் கடையில் புது ரிமோட் வாங்கி வந்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதே. சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது எனக்கு போன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடு. பேசவெல்லாம் வேண்டாம். பாடகி வந்துவிட்டார், முடிக்கிறேன். அப்பா ரிமோட்டைத் தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டால் போதும்.

உங்கள் கிளாரா