பனைவிளை வளைவில் வண்டி நிற்கிற நேரம்

ஆனி 3, செவ்வாய்

காற்று. விடியும் முன்பே கண்ணெல்லாம் புழுதி. துறைமுகத்தில் பிளேடு ஏற்றியாயிற்று. காற்றாலை இறக்கை, ஒற்றை இறக்கைக்கு ஒரு டிரெய்லர். டீக்கடையில் ஒருத்தன் நீளம் கேட்டான். வால் ஓட்டப்பிடாரத்தில் இருந்தால் தலை பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கும் என்றேன். நம்பிவிட்டான்.

செய்ய வேண்டியவை: ஜீப்புக்கு டீசல். கரண்டு கம்பி தூக்கும் மூங்கில் கழிக்கு நுனியில் ரப்பர். சிவப்புக் கொடி துவைக்க. பனைவிளை வரும் முன் முகச்சவரம்.

என் உத்தியோகம் பைலட். ஆகாயத்தில் போகிறவனும் பைலட்தான், ஆனால் அவனுக்கு எதிரே மினிபஸ் வராது. பிளேடுக்கு முன்னால் ஜீப்பில் போய்க் கொடி காட்டி வழி எடுத்துக் கொடுப்பது நான். நான் கொடி தூக்கினால் கப்பலே நங்கூரம் போடும். இந்த மாவட்டத்து ரோடு எல்லாம் மாட்டு வண்டிக்குப் போட்டது. அதன்மேல் தாரை ஊற்றி, உப்பு லாரி, வாழைத்தார் ஏற்றின குட்டி யானை, பள்ளிக்கூட வேன், திருச்செந்தூருக்கு நடந்து போகிற கூட்டம், கடைசியில் நாங்கள்.

பனைவிளை சாத்தான்குளத்துக்குப் பக்கம். அங்கே ஒரு வளைவு. ஒரு பக்கம் மதில், மேலே கரண்டு கம்பி. டிரெய்லர் நின்று, பின்வாங்கி, முன்னே வந்து, கம்பியைத் தூக்கிப் பிடித்து, மெதுவாகத்தான் திரும்பும். அதுவரை இரண்டு பக்கமும் வண்டி வரிசை. (கன்னியாகுமரி வரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.) மற்ற பைலட்டுகள் அந்த வளைவைத் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். வளைவிலிருந்து மூன்றாவது வீட்டில் என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் இருக்கிறாள். இனி பொ. என்று எழுதுகிறேன், டிரெய்லர் டிரைவர் மைக்கேல் எட்டிப் பார்க்கிறான்.

அது அவள் தம்பி வீடு. அவன் சார்ஜாவில். என் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில் பார்த்துக்கொள்ளப் போனவள். தை மாதம் போனது.

இன்றும் வந்தாள். சொம்பில் மோர், எங்கள் எல்லோருக்கும். என்னிடம் நேராகப் பேச மாட்டாள். மைக்கேலிடம், “தம்பி, இந்த ஆளு நேரத்துக்குச் சாப்பிடுதாரா?”

நானும் மைக்கேலிடம், “முந்தாநாள் பிரியாணிக்கு மூணு வீட்டுல கூப்பிட்டாவன்னு சொல்லுலே.”

மைக்கேல் இருவரையும் பார்த்துவிட்டு மோரைக் குடித்தான்.

வண்டி திரும்பிவிட்டது. பொ. காதோரம் கொஞ்சம் நரை. முன்பு இருந்ததா, தெரியவில்லை.

ஆனி 4, புதன்

லோடு இல்லை. முத்தையாபுரம் வீட்டில் நான், தலைக்குமேல் சுற்றுகிற காத்தாடி, பல்லி. சாம்பார் வைத்தேன். ஐந்து நட்சத்திர ஓட்டலில் இப்படி வராது. பாதியைக் கொட்டினேன்.

பொ. காலையில் போனில் ரோஜாப்பூ படம் அனுப்பினாள். தினமும் அதுதான், எழுத்து இல்லை. நானும் மயில் படம் அனுப்பினேன். இதை ஒரு பேச்சு என்று எடுத்துக்கொண்டால் நாங்கள் தினமும் பேசுகிறோம்.

நேரில் போய்ப் பார்க்கலாமே என்று மைக்கேல் கேட்பான். கடற்கரைப் பையன், அவனுக்கு எங்கள் முறை தெரியாது. மச்சினன் அந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சினபோது என்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பத்திரிகையைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினான். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளைக்கு. அழைக்காத படியில் நான் எப்படி ஏறுவேன்? அதனால் ரோட்டோடு சரி. ரோடு யாருடைய வீடும் இல்லை.

சாயங்காலம் டீக்கடை. திங்கட்கிழமை புறவழிச் சாலை திறக்கிறார்களாம். பனைவிளைக்கு வெளியே, பொட்டல் காட்டு வழியே நேர்கோடு. பிளேடு எல்லாம் இனி அதிலேதான். “அண்ணாச்சி சாதிச்சுட்டியளே” என்று கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த ரோடு நான் மனுக் கொடுத்து, கலெக்டரிடம் மேசையைத் தட்டிப் பேசி வந்தது என்று நான்தான் போன வருசம் முதல் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கலெக்டர் ஆபீசில் நான் பார்த்தது சைக்கிள் ஸ்டாண்டு மட்டும்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். பஜ்ஜியை வைக்கவில்லை.

வளைவு இல்லை என்றால் நிற்பது இல்லை. நிற்பது இல்லை என்றால் மோர் இல்லை. அவள் எந்த ரோட்டில் வந்து நிற்பாள்?

ஆனி 6, வெள்ளி

எழுதக் கை வரவில்லை, எழுதியாகணும்.

இந்த வழியில் எங்கள் கடைசி பிளேடு. சுத்தமான சட்டை. முக்காணிப் பாலத்தில் உப்பு லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே. நான் இறங்கி ஒரு கையால் ஓரம் தள்ளினேன். (கிரேனும் இருந்தது.)

வழி நெடுக ஒத்திகை. “ஏளா, வீட்டுக்கு வா.” இவ்வளவுதான். மைக்கேலை வைத்துச் சொல்லாமல் நேராக.

வளைவுக்கு வந்தால் கரண்டு ஆபீஸ்காரர்கள் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள். மதிலையும் யாரோ இடித்து வைத்திருக்கிறார்கள். வாக்கி டாக்கியில் மைக்கேல்: “அண்ணாச்சி, ஃப்ரீயா கெடக்கு. நிக்காம அடிச்சிரலாம்.”

பொ. சொம்போடு படியிறங்கி வருகிறாள். டிரெய்லர் வேகம் குறையாமல் வருகிறது.

ஜீப்பிலிருந்து குதித்துக் கொடியைத் தூக்கினேன்.

நின்றது. பின்னால் பஸ், வேன், குட்டி யானை எல்லாம் நின்றன. ஆரன் காதைப் பிளந்தது. இத்தனை வருசத்தில் ஜாமை எடுத்துவிட்டவன் நான், வேண்டுமென்றே உண்டாக்கினது இதுதான் முதல் தடவை.

பஸ் டிரைவர் தலையை நீட்டி, “என்னவே, ரோடு வெறிச்சுன்னு கெடக்கு?”

“பின் அச்சுல சத்தம்” என்றேன். மைக்கேல் நல்லவன். இறங்கி டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பேச இடையில் ஆள் இல்லாமல் போயிற்று.

பொ. பக்கத்தில் வந்து, “எதுக்கு நிப்பாட்டுனிய?”

“திங்கக்கெழம இருந்து இங்கன வரமாட்டோம்.”

“தெரியும். நீங்க போட்ட ரோடாமே.”

“அத்தைக்கு எப்படி இருக்கு?”

“கம்ப ஊனிக் கோயிலுக்குப் போயிட்டு வாரா. வைகாசியிலயே எந்திரிச்சிட்டா.”

“அப்ப நீ ஏன் வரல?”

சொம்பைக் கீழே வைத்தாள். “நானா பையத் தூக்கிட்டு வந்து எறங்கணுமா? புருசன் வந்து கூப்பிடாம வந்தான்னு உங்க தெருவுல பேச மாட்டாவளா? நீங்க இத்தன தடவ இந்த வளைவுல நிக்கிய. வீடு அந்தா இருக்கு. ஒருக்கா படியேறி வந்தியளா?”

“ஒந்தம்பி முறையா அழைக்கலயே. போன்ல அனுப்புனான்.”

“சார்ஜாவுல இருந்து வெத்தல பாக்க எதுல அனுப்புவான்?”

அதை நான் யோசித்ததே இல்லை. எனக்கே ஆச்சரியம். நான் அழைப்புக்குக் காத்திருந்தேன், அவள் நான் போய்க் கூப்பிடுவேன் என்று காத்திருந்தாள். நடுவில் ரோடும் மோரும்.

சரி என்று மனசைத் திடப்படுத்தி, “ஏளா, வீட்டுக்கு வா” என்றேன். ஒத்திகையில் இதைவிடச் சத்தமாக இருந்தது.

பஸ் ஜன்னலில் ஒரு கிழவி, “எம்மா, அவருதான் கூப்பிடுதாருல்லா, போயேன். எங்களுக்கும் வீடு போய்ச் சேரணும்.”

பஸ்ஸே சிரித்தது. பொ.வுக்கு முகம் சிவந்துவிட்டது. டிரெய்லருக்கு அடியில் குனிந்து மைக்கேலிடம், “தம்பி, ரோட்டுல வச்சுக் கூப்பிடுறதெல்லாம் ஒரு அழைப்பா? வந்தா வீட்டுக்கு வரச் சொல்லு. இந்த எறக்கைய விட்டுட்டு வரச் சொல்லு.”

போய்விட்டாள். சொம்பை மறந்து விட்டுப் போனாள். படியில் வைத்துவிட்டு வந்தேன். படி வரைக்கும்தான்.

மைக்கேல் முதுகெல்லாம் தார். “அச்சு சரியாயிட்டா அண்ணாச்சி?” என்றான்.

ஆனி 8, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. மக்ரூன் வாங்கினேன், மாமியாருக்குப் பல் இல்லை, வாயில் போட்டால் கரையும். வெள்ளை வேட்டி. சாத்தான்குளம் பஸ். பைலட் ஜீப்பில் இல்லாமல் இந்த ரோட்டில் போய் எவ்வளவு நாளாயிற்று, தெரியவில்லை.

பனைவிளைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. முன்னே வண்டி வரிசை. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்: “வேற கம்பெனிக்காரன் எறக்கை. நாளைக்குப் புது ரோடு தொறக்கு, அதுக்குள்ள இதுல வந்து மாட்டிக்கிட்டான்.”

பஸ்ஸுக்குள் வசவு. கொடி பிடிக்கிறவனின் தாய், தகப்பன், அவன் குலம், எல்லாம் வந்தது. ஒரு பெண், பிள்ளைக்குப் பால் நேரம் தப்பிவிட்டது என்று அழாத குறை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு மக்ரூன் பொட்டலத்தோடு இறங்கி நடந்தேன். வரிசை உண்மையிலேயே நீளம்தான். கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

வளைவில் ஒரு இளவட்டப் பைலட், வியர்த்து விறுவிறுத்து. என்னைத் தெரிந்திருக்கிறது. “அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்திய. மதில இடிச்ச பக்கம் சக்கரம் வாய்க்காலுக்குள்ள எறங்கப் பாக்கு. பின்னால நின்னு கொஞ்சம் கை காட்டுங்களேன்.”

கை அரித்தது. ஊரே நின்று பார்க்கிறது. நான் இரண்டு கை காட்டினால் வண்டி போய்விடும், பஸ் முழுக்க என்னைப் பற்றிப் பேசும்.

“வலதுபக்கம் மொத ஒடிச்சுட்டு அப்புறம் பின்னால வரச் சொல்லு. அது போதும். இன்னைக்கு நான் மாப்பிள்ளைலே” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூன்றாவது வீடு. பொ. வாசலில்தான் நின்றாள், நான் வருவதைப் பார்த்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே கேட்டாள், “ஆரு வந்திருக்கா?”

“கூப்பிட வந்திருக்கேன்.”

ஒதுங்கி வழி விட்டாள். படியேறினேன். உள்ளேயிருந்து மாமியார், “ஏளா, மாப்பிள்ளைக்கு நாற்காலி போடு.”

அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே ஆரன் சத்தம் இன்னும் ஓயவில்லை. உள்ளறையில் பீரோ திறக்கிற சத்தம், பொ.வின் பை ஜிப் இழுக்கிற சத்தம்.