பிச்சைக்காரி வேஷத்துப் புடவை

பாலக்கரை,
12.8.2024

அன்புள்ள அனுசுயாவுக்கு,

லூர்துராணி எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

‘சோற்றுக்கு வழியில்லாமல் தவிக்கும் சினிமா அம்மா’ என்று ஒரு யூடியூப் வீடியோவை என் மகள் லின்சி காட்டினாள். பார்த்தால் நீ. சீ! ஸ்ரீரங்கத்தில் மகன் வீட்டில் சுடச்சுடச் சாப்பிடுகிறவள், கொல்லையில் கிழிந்த பாயைப் போட்டு உட்கார்ந்து, “மருமக ஒரு வாய் சோறு போட மாட்டேங்குறா” என்று அழுகிறாயே, நாக்குக் கூசவில்லையா? போன வருஷம் நீ இடுப்பு ஒடிந்து கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியவள் அந்த மருமகள் பிரேமலதாதானே? இப்போது வீடியோவுக்குக் கீழே ஊரே அவளைக் காறித் துப்புகிறது.

கட்டியிருந்த புடவை நம் நாடகத்தில் நீ பிச்சைக்காரியாக வந்தபோது கட்டியது. தோளில் இருக்கும் பச்சை ஒட்டு நான் தைத்தது. எனக்கா தெரியாது?

அத்தனையும் பொய் என்று இன்னொரு வீடியோவில் நீயே சொல். அதுவரை உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
20.8.2024

என் லூர்துவுக்கு,

நீ திட்டியதெல்லாம் சரி. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வந்த யூடியூப்காரர்கள் முதலில் நல்லபடியாகத்தான் கேட்டார்கள். நம் நாடகக் கம்பெனி, நான் நடித்த படங்கள் எல்லாம் சொன்னேன். பாதியில் கேமராவை அணைத்துவிட்டு, “இதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கம்மா, கஷ்டம் ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்றார்கள். எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்தது நான்தான்.

சினிமாவில் எத்தனை பேருக்கு அம்மாவாக அழுதிருக்கிறேன். நான் வாயைத் திறந்ததும் கேமரா ஹீரோ முகத்துக்குப் போய்விடும். அன்றைக்கு என்னை விட்டு நகரவே இல்லை லூர்து. கிளிசரின் கூடப் போடவில்லை.

மறுப்புச் சொல்லக் கூப்பிட்டேன், வர மாட்டார்களாம். பிரேமலதா தட்டை வைத்துவிட்டு என் முகத்தைக் கூடப் பார்க்காமல் போகிறாள். நீ வந்து அவளிடம் எனக்காகப் பேசேன்.

ஒன்று மட்டும் சொல். நடிப்பு எப்படி இருந்தது?

உன் அனுசுயா


பாலக்கரை,
27.8.2024

அனுசுயாவுக்கு,

இதைக் கேட்கவும் உனக்கு மனசு வந்ததே. நன்றாக இருந்தது, போதுமா? லின்சி அழுதுவிட்டாள். உன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிற எனக்கே ஒரு நிமிஷம் பிரேமலதா மேல் ஆத்திரம் வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் வராவிட்டால் என்ன, தெருவில் நின்று நாலு பேரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் கேமரா இல்லையே.

நேற்று பிரேமலதா இங்கே வந்திருந்தாள். காய்கறிக் கடையில் கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்களாம். அழுதுகொண்டே இருந்தவள், மணியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “அத்தைக்கு மாத்திரை குடுக்கணும், போயிட்டு வரேங்க” என்றாள்.

அந்தப் புடவையை அவளிடம் கொடுத்தனுப்பு, அடுப்பில் வைக்கிறேன். நீ வராதே.

லூர்துராணி