துளை போடாத சுடர்

ஜூன் 12, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. எட்டு மணிக்கே கரண்ட் இல்லை. பட்டறையில் கூடைக்காரி பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதியது: முப்பத்தெட்டு. புருவம் கோணலானது: இரண்டு.

மத்தியானம் சென்னையிலிருந்து போன். கார்ட்டூன் தொடர் எடுக்கும் கம்பெனி. நான் வரைந்து அனுப்பிய படம் பிடித்திருக்கிறதாம்! என் கதாநாயகி சுடர், பத்து வயது, இரட்டைப் பின்னல், வெறுங்கால். கதைதான் பிடிக்கவில்லை. "மின்னல் அடிச்சு சக்தி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்கு வர்ற கதையில எல்லாம் மின்னல்தாம்மா அடிக்குது" என்றார் அந்த சார். சனிக்கிழமை நேரில் போக வேண்டும். அதற்குள் சுடருக்குப் புதுப் பிறப்பு, புது சக்தி. இல்லாவிட்டால் வேறு யாருடைய படத்தையோ எடுத்துக்கொள்வார்களாம்.

மூன்று வருடம் நோட்டில் வளர்த்த பிள்ளை. விட மாட்டேன்.

ஜூன் 13, செவ்வாய்

பொம்மை ஒட்டும் மங்கை அக்கா லீவு. பெண்ணாடத்தில் காதுகுத்து. அவர் வேலையும் என்னிடம். தலையை உடம்போடு ஒட்டியதும் அடியில் ஊசியால் துளை போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் சூளையில் வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். கை அங்கே, மனசு சுடரிடம்.

யோசித்த சக்திகள்:
பறப்பது. (எல்லோரும்தான் பறக்கிறார்கள்.)
மறைவது. (பிறகு நான் எதை வரைவது?)
நாயோடு பேசுவது. (எங்கள் தெரு நாயோடா? வேண்டாம்.)

சூளையை மூடி நெருப்புப் போட்ட பிறகுதான் உறைத்தது. கடைசித் தட்டு, கடைசிப் பொம்மை. துளை போடவில்லை.

ஜூன் 14, புதன்

லீவு முடிந்து வந்த ம. அக்காவிடம் சொல்லிவிட்டேன். "எங்கடி இருந்துச்சு ஒம் புத்தி? இது என்ன சோத்துப் பானையா, நடுவுல தொறந்து பாக்க? வெடிச்சா ஒரு தட்டே போச்சு!" நாளைக்குத்தான் திறப்பார்கள். சோறு இறங்கவில்லை. கதையும் வரவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 15, வியாழன்

வெடிக்கவில்லை!!

எல்லாம் முழுசு. அந்தப் பொம்மையும். ம. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டினார், காதில் வைத்தார். "பாரேன் இவள! அவ்ளோ நெருப்புலயும் மூச்சை உள்ளயே புடிச்சிக்கினு வந்துட்டாடி!"

பெயிண்ட் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூன் 17, சனி

விடிகாலை பஸ். மடியில் துண்டு சுற்றிய அந்தப் பொம்மை. ஏசி அறை, மூன்று பேர். சொன்னேன்: சுடர் சூளையில் பிறந்தவள். துளை இல்லாதவள். நெருப்பில் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை. கொஞ்சம் ஊதினால் லாரி நகரும். நன்றாக ஊதினால் வெள்ளாற்று வெள்ளமே பின்வாங்கும்.

"சரிம்மா, இவள எப்படித்தான் தோக்கடிக்கிறது?" என்றார் சார். அதை நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "அடியில ஒரு ஊசித் துளை போதும் சார்."

சார் பொம்மையைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். "பதிமூணு எபிசோட். கதையும் படமும் நீங்கதான்."

ஊர் திரும்பத் திருச்சி பஸ்ஸில் ஏறி வேப்பூரில் இறங்கினேன். முட்டை பரோட்டா, இரண்டு. அழுதுகொண்டே சாப்பிட்டேன். சந்தோஷம், வேறென்ன. கடைக்காரர் காரம் அதிகமோ என்று தண்ணீர் வைத்தார்.

ஜூன் 19, திங்கள்

மழை மாதிரி வந்து ஏமாற்றியது. இன்று எல்லாப் பொம்மைக்கும் துளை போட்டாயிற்று. ம. அக்கா ஊசியும் கையுமாக என் பக்கத்திலேயே நின்று சரிபார்த்தார்.

"ஆமா, அந்தக் கதையில வில்லன் யாருடி?"

"கையில ஊசி வச்சிக்கினு அவளைத் தேடிக்கினே திரியுற ஒரு பொம்பளக்கா."

முதுகில் ஒரு அடி. நான் அடுத்த தட்டை எடுத்தபோது மெதுவாக அவர் குரல் கேட்டது:

"அவளுக்கு நல்ல பொடவையா பாத்துக் கட்டி வுடு."